குடிநோயை எண்ணிய கதை

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு மூன்று வயது. ஆட்சி போனாலும் அவர்களுடைய பள்ளிக்கூடம் போகவில்லை. பாடப் புத்தகங்களும் பழையபடியே இருந்தன. அந்தக் கணக்குப் புத்தகத்தில் வந்த ஒரு கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு தொழிலாளி தினமும் இத்தனை ஃபிராங்குக்கு ஒயின் குடிக்கிறான். வருஷத்துக்கு எவ்வளவு செலவு? அந்தப் பணத்தில் தன் பிள்ளைகளுக்கு எத்தனை ஜோடி பூட்ஸ் வாங்கியிருக்கலாம்?

நாங்கள் பெருக்கி, வகுத்து, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுப்போம். விடை சரியாக இருந்தால் வாத்தியாருக்குச் சந்தோஷம். அந்தத் தொழிலாளி குடியை விட்டானா, விட்டபின் மறுபடி தொட்டானா என்று புத்தகம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் போகும் வழியில் சாராயக்கடை உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா. அங்கே மதுவிலக்கு. சாயங்காலமானால் நாகூர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் வாஞ்சூருக்கு நடந்தே வருவார்கள். அவர்கள் குடித்ததெல்லாம் காரைக்கால் விற்பனையில் சேர்ந்தது. அவர்கள் ஊர்க் கணக்கிலோ குடிப்பவரே கிடையாது. எண்ணிக்கை ஒரு பக்கமும் மனிதன் இன்னொரு பக்கமும் நிற்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். அப்போது அது புரிகிற வயதில்லை.

அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான மண்டபத்துக்கு வந்தோம். 1972இல் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். 2009இல் ஓய்வு. இத்தனை வருஷத்தில் எந்த ரிஜிஸ்டரிலும் தெரிந்தே ஒரு பொய்யை எழுதியதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமை ஆறேழு வருஷம் முன்பு ஒரு மத்தியானத்தில் போயிற்று. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று ஒரு பெண் கணக்கெடுப்புக்கு வந்தாள். கையில் சிறிய கம்ப்யூட்டர். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தோம். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, கேஸ் உண்டா, யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு அதே குரலில், “இந்த வீட்டில் யாராவது மது குடிப்பதுண்டா சார்?” என்றாள்.

“இல்லை” என்றேன்.

அவள் விரலால் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். பின்கட்டு அறையில் என் தம்பி படுத்திருந்தான். பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவன். வேலை போய், குடும்பம் பிரிந்து, எங்களோடு இருந்தான். மூன்றாவது தடவையாகக் குடியை விட்டு, மூன்றாவது தடவையாக விழுந்திருந்த நேரம்.

நான் சொன்ன அந்த “இல்லை” எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று பின்னால் யோசித்தேன். ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு நேரத்துக்கா பஞ்சம்? ஒரு ஊரில் குடிநோயாளிகள் எத்தனை பேர் என்று இதுவரை எப்படி எண்ணினார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் நம் பக்கத்துப் பழங்கதை. மதராஸ் மாகாணத்தில் அப்காரிச் சட்டம் 1886இல் வந்தது. சர்க்காருக்கு வேண்டியது வருமானம். அதனால் மரத்தை எண்ணினார்கள். கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி, மரத்துக்கு ஓர் எண். சாராயத்தை காலன் கணக்கில் எண்ணினார்கள். கடையைக் குத்தகைத் தொகையால் எண்ணினார்கள். நம் ராமநாதபுரம் சீமையில் பனைக்கா பஞ்சம்? சாயல்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர், கருப்பட்டியாகும். தடவாவிட்டால் கள், வரி கட்ட வேண்டும். மரமும் ஒன்றுதான், ஏறுகிறவரும் ஒருவர்தான். சுண்ணாம்பு மட்டும்தான் கணக்கை மாற்றியது. அந்தக் கள்ளை யார் குடித்தார், எவ்வளவு குடித்தார், குடித்துவிட்டு வீட்டில் என்ன செய்தார் என்பதற்கு ரிஜிஸ்டரில் பத்தி கிடையாது.

1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார்கள். நாம் இன்று வரை கட்டிவருகிற வரியின் பாட்டன் அதுதான். 1948 அக்டோபர் 2ஆம் தேதி, ஓமந்தூரார் காலத்தில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. ஒரே நாளில் எண்ணிக்கை பூஜ்யமாயிற்று. மரத்துக்கு எண் இல்லை, காலன் இல்லை, குத்தகை இல்லை. மிஞ்சியது போலீஸ் வழக்குக் கணக்கு. ஆனால் போலீசார் மும்முரமாக இருந்தால் வழக்கு ஏறும், சும்மா இருந்தால் இறங்கும். அதை வைத்துக் குடிப்பவர்களை எண்ணுவது, வலையில் விழுந்த மீனை வைத்துக் கடலில் உள்ள மீனை எண்ணுவது போலத்தான். வலையின் கண் எவ்வளவு பெரியது, எத்தனை மணி நேரம் வலை கிடந்தது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

நான் வேலையில் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பு, 1971 ஆகஸ்ட் 30ஆம் தேதி, மதுவிலக்கைத் தள்ளிவைத்தார்கள். 1973இல் கள்ளுக்கடையையும் 1974இல் சாராயக்கடையையும் மூடினார்கள். 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் மறுபடி கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003 கடைசியில் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லோரும் சொல்வது ஒரே கணக்குத்தான், விற்பனை வருமானம். 2023-24இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கேட்டால் தலை சுற்றும். ஆனால் வரி கூடினாலும் இந்தத் தொகை கூடும், விலை கூடினாலும் கூடும். மாதம் ஒரு பாட்டில் பீர் குடிப்பவனும், விடிந்ததும் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிப்பவனும் இந்தத் தொகைக்குள் ஒன்றாகக் கிடக்கிறார்கள். குடிப்பது வேறு, குடிநோய் வேறு. பணத்தை எண்ணினால் இரண்டையும் பிரிக்க முடியாது.

இதைப் பிரிக்க வெளிநாட்டில் இரண்டு பேர் இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் அமெரிக்காவின் ஜெலினெக். இறந்தவர்களிடமிருந்து தொடங்கினார். கல்லீரல் சுருங்கி ஒரு வருஷத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், அதில் குடியால் வந்தது எத்தனை பங்கு, குடிநோயாளிகளில் எத்தனை பேருக்கு ஒருவர் இப்படிச் சாகிறார் என்று பின்னோக்கிப் பெருக்கி உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையைக் கண்டார். 1951இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அறிக்கையிலும் இந்தச் சூத்திரம் வந்தது. கணக்கு அழகானது. ஆனால் அது மரணச் சான்றிதழை நம்பி நிற்கிறது. எட்டு வருஷம் கழித்து, இந்தச் சூத்திரத்தைக் கைவிடலாம் என்று ஜெலினெக்கே எழுதிவிட்டார்.

அது ஏன் நம் ஊரில் எடுபடாது என்பதற்கு நானே சாட்சி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் நாற்பத்தேழு வயதில் வயிறு வீங்கி இறந்துபோனார். ஆபீசில் அவருடைய பிச்சுக்கட்டிய குரலும் காலை வாடையும் தெரியாதவர் இல்லை. வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் “மஞ்சள் காமாலை” என்றார்கள். நாங்களும் அப்படியே இரங்கல் கூட்டத்தில் பேசினோம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். யாரைக் குறை சொல்ல?

இன்னொருவர் பிரெஞ்சுக்காரர், சல்லி லெடர்மன். மக்கள்தொகைக் கணக்கு நிபுணர். 1956இல் பாரிசில் அவர் புத்தகம் வந்தது. அதே 1956இல்தான் பிரான்சில் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் மது தரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அதுவரை கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். நாங்கள் காரைக்காலில் ஒயின் கணக்குப் போட்டதற்குச் சில வருஷம் முன்புவரை, அந்தக் கணக்கை எழுதிய நாட்டில் அதுதான் நிலைமை. லெடர்மன் சொன்னது இது. ஒரு சமூகத்தில் ஆளுக்குச் சராசரி எவ்வளவு மது போகிறது என்று தெரிந்தால், மிக அதிகம் குடிப்பவர் எத்தனை பேர் என்று கணித்துவிடலாம். சராசரி ஏறினால் மொடாக்குடியர் எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறும். அவருடைய சூத்திரத்தைப் பின்னால் வந்த புள்ளியியல்காரர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் மொத்தம் கூடினால் பாதிப்பும் கூடும் என்ற அடிப்படை நின்றது. கடை நேரத்தைக் குறை, கடையைக் குறை என்று இன்று கேட்பவர்கள் பலருக்கு லெடர்மன் பெயர் தெரியாது. ஆனால் அவர்கள் நிற்பது அவர் போட்ட திண்ணையில்தான்.

இதெல்லாம் சுற்றி வளைத்து எண்ணும் வழிகள். நேர்வழி ஒன்றுதான், வீடு வீடாகப் போய்க் கேட்பது. இந்தியாவில் அப்படிப் பெரிய அளவில் கேட்டு 2004இல் ஒரு அறிக்கை வந்தது. 12 முதல் 60 வயது வரை 40,697 பேரைக் கேட்டார்கள். நூற்றுக்கு 21 பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். ஆனால் கேட்டது ஆண்களை மட்டும். பெண்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அடுத்து 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 4.6 பேருக்குக் குடிநோய், அவர்களில் நூற்றுக்கு 86 பேருக்குச் சிகிச்சையே இல்லை என்றது.

எல்லாவற்றையும்விடப் பெரியது டில்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்தது. இரண்டு லட்சம் வீடுகள், 4,73,569 பேர், 186 மாவட்டங்கள். பத்து வயது முதல் எழுபத்தைந்து வயது வரை நூற்றுக்கு 14.6 பேர் குடிக்கிறார்கள், அதாவது சுமார் 16 கோடி. அதில் உடம்பையும் குடும்பத்தையும் கெடுக்கும் அளவுக்குக் குடிப்பவர்கள் 5.7 கோடி. அதிலும் விட முடியாமல் அடிமைப்பட்டவர்கள் 2.9 கோடி. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சைக்குப் போனதாகச் சொன்னார்.

இனி தேசியக் குடும்பநல ஆய்வுக்கு வருகிறேன். 2015-16இல் எடுத்ததில் தமிழ்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 46.7 பேர் குடிப்பவர்கள் என்று வந்தது. 2019-21இல் எடுத்ததில் 25.4 என்று வந்தது. நாலைந்து வருஷத்தில் பாதிப்பேர் குடியை விட்டுவிட்டார்களா? அப்படி நடந்திருந்தால் உங்கள் தெருவிலேயே தெரிந்திருக்கும். விஷயம் வேறு. முதல் எண், 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களை நேரில் உட்கார வைத்துக் கேட்டது. இரண்டாவது எண், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லா ஆண்களுக்கும் உரியது. கிழவர்களும் அதில் சேர்ந்தார்கள். அதோடு, இரண்டாவது எண் வீட்டில் இருந்த யாரோ ஒருவர் எல்லோருக்குமாகச் சொன்ன பதிலிலிருந்து வந்தது. மகனுக்காக அம்மா சொல்வாள். கணவனுக்காக மனைவி சொல்வாள். தம்பிக்காக அண்ணன் சொல்வான்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசிற்று. என் வீட்டுக்கு வந்த பெண் எந்த ஆய்வுக்காக வந்தாள் என்று நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. எதுவானால் என்ன? என்னைப் போல எத்தனை திண்ணைகளில் எத்தனை “இல்லை”கள் சொல்லப்பட்டிருக்கும்! ஒவ்வொரு “இல்லை”க்கும் பின்கட்டில் ஒரு ஆள் படுத்திருப்பான். அவனுக்கு ஒரு மாத்திரை, ஒரு படுக்கை, ஒரு டாக்டர் வேண்டும் என்று பட்ஜெட் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

கேட்பவர் ஆளை மாற்றாமல் சம்பந்தப்பட்டவனையே கேட்டாலும், எப்படிக் கேட்பது என்பது இன்னொரு சிக்கல். “குடிப்பழக்கம் உண்டா?” என்றால் “எப்பவாவது” என்பார்கள். அதற்காக உலக சுகாதார நிறுவனம் 1989இல் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளை வெளியிட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். மொத்தம் நாற்பது. எட்டு வந்தாலே எச்சரிக்கை. நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வார்த்தை, “ஒரு குவார்ட்டர்தான் சார்.” சரி, நாமும் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போடுவோம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அது சுமார் 61 கிராம் ஆகிறது. 10 கிராம் சேர்ந்தால் ஒரு அளவு என்று அந்தத் தாள் வைத்துக்கொள்கிறது. ஆக, ஒரு குவார்ட்டர் என்றால் ஆறு அளவு. தினமும் குடிப்பவனுக்கு முதல் கேள்விக்கு 4. ஒரு வேளைக்கு ஆறு அளவு என்பதற்கு இரண்டாவது கேள்விக்கு 2. ஆறு அல்லது அதற்குமேல் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற மூன்றாவது கேள்விக்கு 4. மூன்றே கேள்வியில் பத்து மதிப்பெண் வந்துவிட்டது. மீதி ஏழு கேள்வி இன்னும் பாக்கி.

எப்போது கேட்கிறோம் என்பதும் உண்டு. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். “போன மாசம் எத்தனை நாள் குடித்தீர்கள்?” என்று மே மாதத்தில் கையில் காசில்லாதபோது கேட்டால் ஒரு பதில் வரும். இறால் நன்றாகப் பட்ட மாதத்தில் பங்குப் பணம் கைக்கு வந்தபின் கேட்டால் வேறு பதில் வரும். மனிதன் ஒருவன்தான், நோயும் ஒன்றுதான்.

இப்போது என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை மதுரையில் ஒரு இடத்தில் சேர்த்தோம். இருபத்தெட்டு நாள். முகம் தெளிந்து வந்தான். அம்மாவின் திதி முடிந்த பத்தொன்பதாம் நாள் விழுந்தான். இரண்டாவது தடவை நாலு மாதம் தாக்குப்பிடித்தான். மூன்றாவது தடவை ஏழு மாதம். ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரர்கள், “நாய் வாலை நிமிர்த்த முடியுமா? காசைக் கரியாக்காதே” என்றார்கள். எனக்கும் உள்ளூர அந்த எண்ணம் வந்துவிட்டது. அதனால்தான் அந்த “இல்லை” அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று நினைக்கிறேன்.

விட்டவர்களில் எத்தனை பேர் மறுபடி விழுகிறார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1971இல் அமெரிக்காவில் ஹன்ட் என்பவரும் கூட்டாளிகளும் குடி, ஹெராயின், சிகரெட் மூன்றையும் விட்டவர்கள் பற்றிய ஆய்வுகளை ஒன்றாக வைத்துக் கோடு வரைந்தார்கள். மூன்று கோடும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன. முதல் மூன்று மாதத்துக்குள் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் விழுந்துவிடுகிறார்கள். “பார்த்தாயா, பயனில்லை” என்று சொல்ல இது போதும். ஆனால் அந்தக் கோட்டின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். முதலில் செங்குத்தாக இறங்கும் கோடு ஆறு மாதத்துக்குப் பிறகு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. அதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் நிற்கிறார்கள். அப்படியானால் கவனம் வேண்டியது அந்த முதல் மாதங்களில்தான். நாங்களோ தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே “எல்லாம் சரியாயிற்று” என்று விட்டுவிட்டோம்.

விழுந்தான் என்பதே எது? ஒரு கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு மறுநாள் டாக்டரிடம் போனவனும், பழையபடி விடியற்காலையிலேயே தொடங்கியவனும் ஒன்றா? முதலாவது சறுக்கல், இரண்டாவது மறுவீழ்ச்சி. சில ஆய்வுகள் இரண்டையும் ஒன்றாக எண்ணும், சில பிரித்து எண்ணும். இன்னொன்றும் உண்டு. நூறு பேர் சிகிச்சை முடித்துப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்துத் தேடினால் நாற்பது பேர்தான் கிடைக்கிறார்கள். அதில் இருபத்துநாலு பேர் குடிப்பதில்லை. கிடைத்தவர்களை வைத்துச் சொன்னால் நூற்றுக்கு அறுபது வெற்றி. கிடைக்காதவரெல்லாம் விழுந்தவர் என்று வைத்தால் நூற்றுக்கு இருபத்துநாலு. இரண்டையும் அச்சடிக்கலாம், இரண்டும் பொய்யில்லை. ஆபீசில் நிலுவைப் பட்டியல் போட்டவர்களுக்கு இந்த வித்தை நன்றாகவே புரியும்.

எனக்குத் தெம்பு கொடுத்தது வேறொரு கணக்கு. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எண்ணினால் திரும்பத் திரும்ப வருகிறவன்தான் கண்ணில் படுவான். நலமானவன் அங்கே எதற்கு வருகிறான்? அமெரிக்காவில் 2001-02இல் 43,093 பேரை வீட்டில் போய்க் கேட்டார்கள். முன்பு குடிக்கு அடிமையாக இருந்தவர்களில், அந்த ஆண்டில் இன்னும் அடிமையாகவே இருந்தவர்கள் நாலில் ஒரு பங்குதான். மற்ற மூன்று பங்கினரில் சிலர் முழுக்க நிறுத்தியவர்கள், சிலர் குறைத்தவர்கள், சிலர் பாதிவழியில் நிற்பவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றிலும் மருந்தை விட்டு மறுபடி படுப்பவர்கள் ஏறக்குறைய இதே விகிதத்தில் இருக்கிறார்கள் என்று 2000இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். சர்க்கரை ஏறியவனை நாம் “நாய் வால்” என்று சொல்வதில்லை. டாக்டரிடம் மறுபடி கூட்டிப் போகிறோம்.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையினர், 1980களின் கடைசியிலிருந்து மஞ்சக்குடியில் கிராமத்திலேயே முகாம் போட்டார்கள். இப்போது திருவாரூர் மாவட்டம். நோயாளியை ஊரைவிட்டுக் கொண்டுபோகாமல், ஊருக்கே சிகிச்சையைக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து விசாரித்தார்கள். எதை மறைக்க நாம் பாடுபடுகிறோமோ, அதை ஊரறியச் செய்ததுதான் அந்த முறையின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாலாவது தடவை தம்பியைக் கொண்டுபோனபோது நான் செய்த ஒரே மாற்றம், வந்த பிறகு விடாமல் கூடவே இருந்தது. ஒரு நோட்டுப் போட்டேன். பழைய குமாஸ்தா அல்லவா! மாத்திரை, டாக்டரிடம் போகும் தேதி, நடக்கப் போனது, தூங்கிய நேரம். நாற்பத்தோராம் நாள் ஒரு சறுக்கல். அதையும் எழுதினேன். ஆனால் நோட்டை மூடவில்லை. மறுநாள் காலை இருவரும் டாக்டரிடம் போனோம். முந்தின மூன்று தடவையும் நாங்கள் மூடிவிட்ட இடம் இதுதான். போன ஆடியோடு ஐந்து வருஷம் முடிந்தது. இப்போது பக்கத்துக் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறான்.

போன மாதம் ஒருநாள் இருவரும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கணக்கெடுப்புப் பெண் வந்த கதையை அவனிடம் சொன்னேன்.

“தெரியும் அண்ணே. முழிச்சுதான் படுத்திருந்தேன்” என்றான்.

நான் ஒன்றும் பேசவில்லை.

“இல்லைன்னு சொன்னீங்களே, அது எனக்குக் குடி இல்லைங்கிற மாதிரி கேக்கல அண்ணே. நானே இல்லைங்கிற மாதிரி கேட்டுச்சு.”

அதன் பிறகு கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்திருக்கும்போது அவனே, “அடுத்த தடவ யாராவது வந்தா என்னைய கூப்பிடுங்க. நானே சொல்லிக்கிறேன். எத்தனை வருஷம் குடிச்சேன், எத்தனை தடவ விட்டேன், எல்லாம் சொல்றேன்” என்றான். சரி என்றேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். உங்கள் வாசலுக்கும் ஒருநாள் அந்தக் கேள்வி வரும். மகனோ, மருமகனோ, தம்பியோ உள்ளே படுத்திருக்கலாம். மானம் பெரிதுதான். ஆனால் முடிந்தால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பவரைக் கூப்பிடுங்கள்.